மாசி வாடையை விட்டு விலகிய எலிகள்: மலையகக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில், பெருந்தெருவோரப் பஜார் ஒன்றில் இருக்கும் சில்லறைக் கடை இது. முன்னால் கடை, பின்னால் சாமான் அறை, அதற்கும் பின்னால் வீடு. சாமான் அறை ஒரு காலத்தில் லயத்துக் காம்பரா. கருங்கல் சுவர், மேலே தகரம், இரண்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. கோதுமை மா, அரிசி, பருப்பு, சீனி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான். சுற்றுத் தோட்டங்களில் விடியற்காலை ரொட்டி சுடுவதற்கு மா இங்கிருந்துதான் போகிறது என்பதால் மா மூட்டை மட்டும் ஒருநாளும் குறைவதில்லை.

தென்மேற்கு மழை பிடித்ததும் எலி உள்ளே வருவது இந்தப் பக்கத்தில் புதினமில்லை. இதை எழுதிவைக்கக் காரணம் வேறு. மருந்து வைத்த பிறகு அந்த எலிகள் எதைத் தொட்டன, எதைத் தொடவில்லை என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. எலியின் மோப்பத்தைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் கண்டறிந்திருப்பவற்றோடு அதை வைத்துப் பார்த்தால், "எலி எலிக்குச் சொல்லிவிடுகிறது" என்று ஊரில் எல்லோரும் சொல்வது பாதி சரி, பாதி தவறு என்று தெரிகிறது. எந்தப் பாதி சரி என்பதுதான் சுவாரசியம்.

நடந்தது

கடைக்காரரின் மூத்த மகன் என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறான். வீட்டில் எலித் தொல்லை, மருந்தும் வேலை செய்யவில்லை என்று சொன்னவனிடம், தினமும் காலையில் கண்டதை ஒரு சீஆர் கொப்பியில் எழுதிவா என்றேன். இந்த ஆய்வுக்கு அடிப்படை அந்தக் கொப்பிதான். அதன் முதல் பக்கங்கள் மட்டும் வீட்டார் ஞாபகத்திலிருந்து எழுதியவை. மற்றவை அன்றன்று காலையில் எழுதியவை.

எலி எந்த எலி என்பதில் குழப்பம் இல்லை. உடம்பைவிட நீளமான வால், பெரிய காது, தகரத்தின் கீழ் மரச் சட்டத்தில் ஓடும் வழக்கம். சாதாரணக் கூரை எலி. பெருச்சாளி வெளியே கானோரம் வளை தோண்டியிருந்தாலும் அறைக்குள் அதன் தடயம் இல்லை.

வைத்த மருந்து, பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய கறுஞ்சாம்பல் நிறத் தூள். பூண்டு வாடை. துத்தநாகப் பாஸ்பைடு என்பதற்கு இந்த இரண்டு அடையாளமும் பொருந்தும். (உணவுச் சாமான் இருக்கும் அறையில் பெயர் தெரியாத நஞ்சை வைப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.) கடையில் சாமான் தூக்கும் பெரியவர் அதைக் கோதுமை மா, தேங்காய் எண்ணெய், இடித்த மாசிக் கருவாடு மூன்றோடும் பிசைந்து, உருண்டை பிடித்துச் சிரட்டைகளில் வைத்தார். மாசி போட்டது வாடைக்காக. அந்த அறையில் மாசி வைப்பதில்லை. அது முன்கடையில், மூடிய டின்னில்தான் இருக்கும்.

முதல் இரவு உருண்டைகள் கடிபட்டிருந்தன. கானில் ஒரு செத்த எலி கிடந்தது. மூட்டைக்குப் பின்னால் இன்னொன்று கிடப்பதை நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. அடுத்த இரவு ஓர் உருண்டையில் மட்டும் சின்னதாகப் பல் பதிந்திருந்தது. அதோடு சரி. பிறகு சிரட்டைகள் வைத்தபடியே இருந்தன, ஆனால் மா மூட்டையில் மட்டும் ஒவ்வொரு நாளும் புது ஓட்டை.

மருந்து கூடிவிட்டது போல என்று குறைத்துப் பிசைந்தார்கள். தொடவில்லை. அப்புறம் கடைக்காரர் ஒரு தந்திரம் செய்தார். மருந்தே இல்லாமல், அதே மா, எண்ணெய், மாசி உருண்டையைச் சில நாள் வைத்து எலியை ஏமாற்றிப் பழக்குவது, பழகியதும் மருந்தைக் கலப்பது. கெட்டிக்கார யோசனைதான். நச்சு வைப்பதற்கு முன் நஞ்சில்லா இரை வைத்துப் பழக்கச் சொல்வது எலி ஒழிப்பில் உலகெங்கும் உள்ள முறை. ஆனால் அதை முதலில் செய்ய வேண்டும். நோய்ப்பட்ட பிறகு செய்தால் என்ன ஆகும் என்பதை இந்த எலிகள் காட்டின. சுத்தமான மாசி உருண்டை கல்லாய்க் காய்ந்து பூஞ்சணம் பிடிக்கும்வரை அப்படியே இருந்தது.

பையன் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இது: ஒரு கறுப்புத் தகரத் தட்டின் நடுவில் சிரட்டையை வைத்து, சுற்றிலும் மாவை மெல்லிசாகத் தூவிவிட்டான். காலையில் பார்த்தால், விளிம்பிலிருந்து நேராக வரும் காலடிகள், முன்னங்கால் நாலு விரல், பின்னங்கால் ஐந்து விரல், இடையிடையே வால் உரசிய கோடு. சிரட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் காலடிகள் நெருங்கி, கொஞ்சம் கலைந்து, பக்கவாட்டில் திரும்பிப் போயின. திரும்பும் வழியில் தூவிய மாவை நக்கியிருந்தது. மாவில் பயமில்லை, உருண்டையிடம் போகவும் இல்லை. வாய் வைக்காமலேயே முடிவு எடுத்திருக்கிறது.

ஊர் சொன்ன காரணங்கள்

கடைக்காரரின் தாயார், பிள்ளைகளுக்கு அப்பாயி, என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எலிக்குக் காது இருக்கு டீச்சர். மருந்து வைக்கப்போறோம்னு அடுப்படியில நின்னு சத்தமா பேசுனா அது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். நாங்கல்லாம் அந்தப் பேரையே எடுக்க மாட்டோம்." சாமான் தூக்கும் பெரியவர் அதை ஏற்கவில்லை. அவருக்கு மனித வாடைதான் காரணம். கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு உருண்டை பிடித்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரரோ, நோய்ப்பட்ட எலி மற்ற எலிகளிடம் போய்ச் சொல்லிவிட்டது என்று நம்பினார்.

இதில் பெரியவர் சொன்னதற்கு ஓர் ஆதாரம் உண்டு. கனடாவில் 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண்களின் உடல் வாடை, அவர்கள் போட்டுக் கழற்றிய டீசேர்ட்டின் வாடைகூட, எலிகளையும் சுண்டெலிகளையும் மனஅழுத்தத்துக்கு உள்ளாக்கியது. பெண்களின் வாடைக்கு அந்த விளைவு இல்லை. ஆனால் இந்தக் கடையில் அந்த விளக்கம் நிற்காது. மூட்டை, சாக்கு, சுவர், தரை என்று எல்லாமே ஆட்கள் கை பட்டவை, அவற்றில்தான் அந்த எலிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இடைவிடாமல் இருக்கும் பின்னணி வாடையை மூளை சீக்கிரம் ஓரங்கட்டிவிடும். எலிகளில் அளந்தபோது, மாறாமல் வரும் மணத்துக்கு, மூக்கின் செய்தி மூளையில் முதலில் போய்ச் சேரும் முகர்குமிழின் செல்கள் ஓரளவு தொடர்ந்து பதிலளித்துக்கொண்டிருக்க, அடுத்த நிலையான முகர்வுப் புறணி விநாடிக் கணக்கில் அடங்கிவிடுகிறது. புதிதாக வரும் மணம் அப்போதுதான் தனித்துத் தெரியும்.

பூனையும் ஒன்று கொண்டுவந்தார்கள். அது அடுப்போரம் படுத்துத் தூங்கியது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஓர் இழுப்பில் நடப்பது

ஒரு சாண் தூரத்தில் நின்று திரும்பிய அந்த எலியின் மூக்கில் என்ன நடந்திருக்கும்?

சும்மா இருக்கும் எலி விநாடிக்கு ஒன்றிரண்டு முறை மூச்சு விடும். எதையாவது ஆராயத் தொடங்கினால் அது விநாடிக்கு எட்டு, பத்து குட்டி இழுப்புகளாக மாறும். 2003இல் உச்சிடா, மெய்னன் என்ற இருவர் எலிகளைப் பழக்கி அளந்து, இரு மணங்களைப் பிரித்தறிய ஒரே ஓர் இழுப்பு, அதாவது 200 மில்லி விநாடி அளவு, போதும் என்று காட்டினார்கள். மறு ஆண்டு சுண்டெலிகளில் செய்த வேறோர் ஆய்வில், மிக நெருக்கமான கலவைகள் என்றால் இன்னும் 70 முதல் 100 மில்லி விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்வது தெரிந்தது. வேகமா நிதானமா என்று ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டார்கள். நமக்கு இரண்டுமே கண்மூடித் திறக்கும் நேரம்தான். திசையும் அதற்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. பெங்களூரில் ரகாவ் ராஜன், ஜேம்ஸ் கிளமென்ட், உபிந்தர் பல்லா ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், எலி இரு நாசித் துளைகளுக்கும் வரும் மணத்தை ஒப்பிட்டு அது இடமிருந்து வருகிறதா வலமிருந்தா என்று ஓரிரு இழுப்பில் சொல்லிவிட்டது. ஒரு துளையை அடைத்ததும் அந்தத் திறமை போய்விட்டது.

மூக்கின் உட்தோலில் உள்ள நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் மண மூலக்கூறைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒரே ஒரு வகையைத்தான் தாங்கி நிற்கும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் எலியிடமிருந்தே கண்டுபிடித்தவர்கள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. எலி இனங்களில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் வேலை செய்கின்றன, நம்மிடம் 400 அளவில்தான். ஒரே வகை ஏற்பியுள்ள செல்கள் உட்தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஆனால் அவற்றின் நரம்பிழைகள் எல்லாம் மண்டையோட்டின் சல்லடை எலும்பைத் தாண்டி, மூளையின் முன்முனையில் உள்ள முகர்குமிழில் அந்த வகைக்கென்று இருக்கும் ஓரிரு முடிச்சுகளில் போய்ச் சேர்ந்துவிடும். மலை முழுக்கப் பரந்து நின்று கொழுந்து பறித்தவர்கள், நிறுக்கும் நேரத்தில் தத்தம் கங்காணியின் வரிசையில் போய் நிற்பது மாதிரி. குளோமெருலஸ் எனப்படும் இந்த முடிச்சுகள் சுண்டெலியின் ஒரு குமிழில் ஏறத்தாழ 2,000.

ஒரு மண மூலக்கூறு பல ஏற்பிகளைத் தொடும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இடம் கொடுக்கும். ஆகவே "மாசி வாடை" என்று தனி முடிச்சு கிடையாது. எந்தெந்த முடிச்சுகள், எந்த வரிசையில், எவ்வளவு பலமாகக் கிளர்ந்தன என்ற கோலம்தான் மாசி. இதில் வரிசை முக்கியம். இழுப்பின் தொடக்கத்தில் முந்திக் கிளரும் சில முடிச்சுகளே மணத்தின் அடையாளத்தைத் தீர்மானிக்கின்றன என்று ரின்பெர்க் குழு 2017இல் காட்டியது. வாடை பலமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் முந்துபவை ஏறத்தாழ அவையே. அதனால்தான் ஒரு சாண் தள்ளி நின்றாலும் அது அதே மாசிதான். குமிழுக்குள் இருக்கும் தடுப்பு செல்கள் பக்கத்துக் கோலங்களின் ஓரத்தைச் சீவி, ஒத்த மணங்களை இன்னும் தெளிவாகப் பிரிக்கின்றன. அந்தத் தடுப்பு செல்களில் ஒரு பகுதி எலிக்கு வயது வந்த பிறகும் புதிதாகப் பிறந்து வந்துகொண்டே இருக்கும்.

குமிழிலிருந்து செய்தி நேரே முகர்வுப் புறணிக்கும் அமிக்டலாவுக்கும், ஹிப்போகாம்பஸின் வாசலுக்கும் போகிறது. பார்ப்பதும் கேட்பதும் முதலில் தலாமஸ் என்ற இடைத்தங்கலில் நின்றுவிட்டுத்தான் புறணிக்குப் போகும். மணத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. அச்சமும் ஞாபகமும் இருக்கும் இடத்துக்கு மணம் குறுக்குவழியில் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைந்தால் அதேதான், மாறினால் வேறு

மருந்தில்லாத உருண்டையையும் எலிகள் ஏன் தொடவில்லை என்ற கேள்விக்கு முகர்வுப் புறணியில்தான் விடை இருக்கிறது. இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைப்பதும் இதைத்தான்.

முகர்குமிழில் மணத்துக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. புறணிக்கு வந்தால் வரைபடம் கலைந்துவிடும். ஒரு மணத்துக்குப் பதில் சொல்லும் செல்கள் புறணி முழுக்கச் சிதறியிருக்கும், அவற்றுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகத் தொடர்புகள். சேர்ந்து கிளர்ந்த செல்களின் தொடர்பு பலப்படும். பிறகு கோலத்தின் ஒரு பகுதி மட்டும் வந்தாலும் மற்றச் செல்கள் மீதியைத் தாங்களே நிரப்பிவிடும்.

2008இல் டொனல்ட் வில்சனின் குழு இதை எலிகளில் அழகாகச் சோதித்தது. பத்து மணப்பொருள்கள் சேர்ந்த கலவை ஒன்று. அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு ஒன்பதாகக் கொடுத்தால், எலிகளுக்கு அதை முழுக் கலவையிலிருந்து பிரித்தறிவது கடினமாக இருந்தது. முகர்குமிழின் செல்கள் வித்தியாசத்தைக் காட்டின. புறணியின் செல்களோ ஒன்பதையும் பத்தாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் எடுத்த இடத்தில் புதிதாக வேறொன்றைச் சேர்த்ததும் எலிகள் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டன, புறணியும் அதை வேறு மணமாகவே கையாண்டது. பின்னாளில் அதே ஆய்வுக்கூடம், பழக்கினால் எலி குறையையும் கண்டுபிடிக்கக் கற்கும் என்று காட்டியது. பழக்க யாரும் இல்லாத சாமான் அறையில் அது நடந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது சிரட்டைக்கு வருவோம். எலி நோய்ப்பட்டது மா, எண்ணெய், மாசி, பூண்டு வாடை எல்லாம் சேர்ந்த ஒரு மணத்தால். கடைக்காரர் மருந்தை எடுத்தபோது பூண்டு வாடை மட்டும் குறைந்தது. மீதி அப்படியே. எலிக்கு அது பழைய உருண்டைதான். மூளையே பூண்டை நிரப்பிக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் மா மூட்டையை மட்டும் ஏன் விடவில்லை? அதிலும் அந்தக் கலவையின் ஒரு பங்கு இருக்கிறதே? இதற்கு விடை மூக்கைவிட வயிற்றோடு சம்பந்தப்பட்டது. 1955இல் ஜான் கார்சியாவும் கூட்டாளிகளும், இனிப்பு நீர் குடித்த எலியைக் கதிர்வீச்சால் நோய்ப்படுத்தினால் அது அந்த இனிப்பை ஒதுக்கிவிடுவதைக் கண்டார்கள். சாப்பிட்டதற்கும் நோய்க்கும் இடையில் மணிக்கணக்கு கழிந்தாலும் எலி இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். 1967இல் இன்னொரு விஷயம் தெரிந்தது: நோய்க்கு முன் பழைய உணவையும் புதிய உணவையும் தின்றிருந்தால், பழி புதியதன் மேல்தான் விழும். மா இந்த எலிகளுக்கு அன்றாடச் சாப்பாடு. புதிதாக வந்தது மாசியும் எண்ணெயும்தான்.

வாய் வைக்காமல் திரும்பியதற்கும் கார்சியாவின் ஆய்வுக்கூடமே விளக்கம் தந்தது. மணத்தை மட்டும் முகர்ந்த எலி, பிறகு நோய்ப்பட்டால், அந்த மணத்தை அவ்வளவாக வெறுப்பதில்லை. ஆனால் மணமும் சுவையும் சேர்ந்து வந்து, பிறகு நோய் வந்தால், அந்த மணம் தனியாகவே எலியை விலக்கும் பலத்தைப் பெற்றுவிடுகிறது. 1980இல் வந்த முடிவு இது. ஒரு தடவை கடித்துப் பிழைத்த எலிக்கு அதற்குப் பிறகு நாக்கு தேவையில்லை.

துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பொஸ்பீன் வாயுவாக மாறி, சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். கொறித்துப் பார்த்துவிட்டு நிறுத்திய எலி சாகாது, நோய்ப்படும், கற்றுக்கொள்ளும். 1948இல் அமெரிக்காவில் எலி மருந்தாக வந்த வார்ஃபரின் பேர் பெற்றது இந்த இடத்தில்தான். அது இரத்தம் உறைவதை மெல்ல மெல்லத் தடுத்து, நாட்கணக்கில் கழித்தே எலியை வீழ்த்தும். அவ்வளவு பின்னால் வரும் நோயை எலியால் எந்த உணவோடும் முடிச்சுப் போட முடியாது.

எலி எலிக்குச் சொல்வது

கடைக்காரரின் நம்பிக்கைக்கு வருகிறேன். நோய்ப்பட்ட எலி மற்றவற்றை எச்சரித்ததா?

பெனட் கேலஃப் என்ற ஆய்வாளர் கனடாவில் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தார். புதிய உணவொன்றைத் தின்றுவிட்டு வந்த எலியை, அதைத் தின்னாத எலி முகத்தோடு முகம் வைத்து முகர்கிறது. பிறகு இரண்டாவது எலிக்கு இரண்டு புதிய உணவுகளைக் கொடுத்தால், கூட்டாளியின் வாயில் மணத்த உணவைத்தான் அது விரும்பித் தின்னும். மயக்க மருந்து கொடுத்த எலியின் முகத்தில் உணவைத் தூவினாலும் போதும். பின்பக்கத்தில் தூவினால் அவ்வளவாகப் பலிக்காது. மூச்சில் உள்ள ஏதோ ஒன்று முத்திரை குத்துகிறது என்று தேடியபோது அகப்பட்டது கார்பன் டைசல்ஃபைடு. எலியின் மூச்சில் இயல்பாகவே இருக்கும் வாயு. உணவோடு அதைச் சேர்த்து ஒரு பஞ்சுத் துண்டில் வைத்தாலே எலிக்கு அந்த உணவு பிடித்துப்போகிறது. மூக்கில் இதற்கென்றே தனி வகை நரம்பு செல்கள் இருப்பதும், மரபணு மாற்றத்தால் அவற்றின் வேலையைக் கெடுத்த சுண்டெலிகள் இந்தப் பாடத்தைக் கற்பதில்லை என்பதும் 2010இல் தெரியவந்தன.

அடுத்து கேலஃப் செய்தது நமக்கு இன்னும் முக்கியம். தின்றுவிட்டு வந்த எலியை நோய்ப்படுத்தி, அந்த நிலையிலேயே மற்ற எலியை முகர விட்டார். எச்சரிக்கை என்று ஒன்று இருந்தால் இங்கே வெளிப்பட வேண்டும். வெளிப்படவில்லை. நோயாளியை முகர்ந்த எலியும் அதே உணவையே விரும்பியது. ஒரு படி மேலே போய், தானே நோய்ப்பட்டு வெறுத்த உணவைக்கூட, அதைத் தின்ற கூட்டாளிகளை முகர்ந்த பிறகு எலிகள் மறுபடி தின்னத் தொடங்கின.

ஆகவே எலிகளுக்குள் பரவும் செய்தி "இதைத் தின்னலாம்" என்பது மட்டும். "இதைத் தின்னாதே" என்பதைச் சொல்லும் வழி அவற்றின் மூக்கில் இல்லை. கடையில் சிரட்டை தீண்டப்படாமல் கிடந்ததற்குக் காரணம், கடித்துப் பிழைத்த எலிகள் ஒவ்வொன்றும் தன்னளவில் கற்றுக்கொண்டதும், கடிக்காத எலிகளின் முன்னால் அதைத் தின்ற வாயோடு யாரும் வராததும்தான். மா வாசனையோடு வந்த வாய்கள் நிறைய. மாசி வாசனையோடு ஒன்றும் இல்லை. புதியதைக் கண்டு தயங்குவது எலிக்கு இயல்பு என்பதால், தயக்கத்தைப் போக்க யாரும் இல்லாத உணவு அப்படியே கிடக்கும்.

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து வெள்ளை எலிகளிலும் சுண்டெலிகளிலும் கண்டவை. நம் கூரை எலி அந்த வெள்ளை எலிக்குச் சொந்தம் என்றாலும் வேறு இனம். ஆனாலும் பிறரைப் பார்த்துக் கற்பதில் அது குறைந்ததில்லை. இஸ்ரேலின் பைன் காடுகளில் கூரை எலிக் குஞ்சுகள் பைன் காயை உரித்து விதை தின்னும் வித்தையைத் தாயிடமிருந்து கற்பதை டெர்க்கலும் மாணவர்களும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

மலையகத்தில் இதற்கொரு பழைய பின்கதையும் உண்டு. தேயிலைக்கு முன், கோப்பிக் காலத்தில், கோப்பி எலி என்று ஒன்று தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது. காட்டில் குறிஞ்சி இனமான நெலு பூத்து விதைக்கும்போது எலி பெருகும், விதை தீர்ந்ததும் கூட்டமாகக் கோப்பிக்குள் இறங்கி மொட்டையும் கொப்பையும் நறுக்கித் தள்ளும் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. கூலியாட்கள் அதைத் தேங்காய் எண்ணெயில் பொரித்தும் கறிவைத்தும் விரும்பித் தின்றார்கள் என்றும் அதே குறிப்புகளில் உண்டு. எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள், அதில் எவ்வளவு இளக்காரம் கலந்திருந்ததோ. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தக் காலத்து எலி ஒழிப்பில் மருந்து வாடைப் பிரச்சினை இருந்திருக்காது.

மாற்றிப் பார்த்தது

இவ்வளவையும் வைத்துக்கொண்டு பையனும் நானும் கடைக்காரரிடம் கேட்டது மூன்றே விஷயம். மருந்தை அறையிலிருந்து அடியோடு எடுப்பது. மாசி, தேங்காய் எண்ணெய் இரண்டும் இல்லாத இரை. கம்பிப் பொறிகளைக் கதவு திறந்தபடி கட்டிச் சில நாள் சும்மா வைப்பது.

இரையாக வறுத்த கச்சானை (நிலக்கடலை) நொறுக்கி அரிசி மாவோடு கலந்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மாசியை மட்டும் எடுத்துவிட்டு மாவும் எண்ணெயும் சேர்த்த பழைய உருண்டையையும் ஒரு தட்டில் வைத்தான் பையன். அது என் யோசனையல்ல, அவனுடையது. வில்சனின் சோதனையைப் பாடத்துக்கு வெளியே சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டான்.

எண்ணெய் உருண்டையை எலிகள் கடைசிவரை தொடவில்லை. கச்சான் தட்டில் முதலில் காலடி மட்டும். பிறகு ஓரத்தில் கொஞ்சம் கொறித்த அடையாளம். அதற்கப்புறம் ஓரிரு இரவில் தட்டு காலி. படிப்படியாகக் கூடாமல், ஒன்றுமில்லாத நிலையிலிருந்து சட்டென்று எல்லாம் தீர்ந்த நிலைக்குப் போனதை அவன் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடிட்டிருக்கிறான். துணிந்து தின்ற முதல் எலியின் வாய்தான் மற்றவற்றைக் கூட்டிவந்தது என்று நினைக்க இது இடம் தருகிறது. தட்டைப் பொறிக்குள் நகர்த்தி, அங்கேயும் தின்னப் பழகியதும் கதவுக் கட்டை அவிழ்த்தார்கள். எலிகள் அகப்பட்டன. அகப்பட்டதை என்ன செய்வது என்பதில் அப்பாயிக்கும் பெரியவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் நான் தலையிடவில்லை.

பொறியைக் கழுவ வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். முன்னால் வந்த எலியின் வாடையும் அது தின்ற கச்சானின் வாடையும் கம்பியில் ஒட்டியிருப்பது அடுத்த எலிக்கு அழைப்புதான். ஆனால் எலி செத்துக் கிடந்த பொறியென்றால் கழுவ வேண்டும்.

இதற்கு வேறு விளக்கமும் சொல்லலாம். கச்சானை எலிக்கு இயல்பிலேயே பிடிக்கும், அதனால் தின்றது என்பது ஒன்று. பழைய எலிகள் போய்விட்டன, புது எலிகள் வந்தன என்பது இன்னொன்று. முதலாவதற்கு எதிராக நிற்பது அந்த எண்ணெய் உருண்டை. மாவும் தேங்காய் எண்ணெயும் எலி வெறுக்கும் பண்டமில்லை, முதல் இரவு அதே எலிகள்தான் அதை விழுந்து தின்றன. இரண்டாவதை மறுக்க, எலிகளுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர வேண்டும். சில்லறைக் கடையில் அது நடக்காது. ஆனால் புது எலிகளாக இருந்தால் எண்ணெய் உருண்டையையும் அவை சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் கடித்த எலிகள் கற்றுக்கொண்டன என்று மேலே சொன்ன விளக்கத்தின் பக்கமே நான் இருக்கிறேன்.

மூட்டைகளை இப்போது சுவரிலிருந்து தள்ளி, மரத் தட்டின் மேல் அடுக்கியிருக்கிறார்கள். ஓட்டை விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அடுத்த மழைக்கு மறுபடி மாசி வைக்கலாமா என்று கடைக்காரர் கேட்டார். வைக்கலாம். கூரை எலியின் ஆயுள் வெளியில் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் போகாது. கடித்துக் கற்ற எலிகள் அதற்குள் இருக்காது, அவற்றின் குஞ்சுகளுக்கு அந்தப் பாடத்தை யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முதலில் அடைத்துவிடுங்கள், மாசியை வீட்டுச் சம்பலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். சிமெந்து வாங்கி வைத்திருக்கிறார். மேசன்தான் இன்னும் வரவில்லை.